மெருகு மாவு

ஆண்டாயிக்கு ரேகை விழவில்லை.

வேப்பந்தட்டை ரேஷன் கடையில் இருக்கும் அந்தச் சின்ன மெஷின் அவளுடைய பத்து விரல்களையும் ஒன்று விடாமல் வாங்கிப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் ‘கீ’ என்று ஒரு சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பியது. கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தார். தலைமுடியில் தேய்த்துக்கொண்டு வைக்கச் சொல்லிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வெயிலில் முனகத் தொடங்கியதும் “நாளைக்கு வாம்மா” என்று கையைக் காட்டிவிட்டார். ஆண்டாயி வெறும் பையோடு தார்ச்சாலையில் நடந்து, நேராக நர்மதாவின் பட்டறைக்கு வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“மெஷின்ல ரேகை விழலைங்கம்மா. வெரல்ல ஒண்ணுமே இல்லையாம்.”

நர்மதா அந்தக் கைகளை வாங்கவில்லை, குனிந்து பார்த்தாள். கதிர் அறுத்தும் கல் சுமந்தும் ஐம்பது வயதுக்குள் காய்த்துப்போயிருந்த கைகள் அவை. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று மரப்பட்டையாக இருந்தன. இப்போது புளியங்கொட்டை மாதிரி பளபளத்தன. விரல் நுனியில் சுழி இல்லை. உள்ளங்கையில் ஒரு கோடு கிடையாது. மேலே எரிந்த டியூப்லைட் வெளிச்சம் அதில் நீளமாகத் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால், நர்மதாவுக்கு முதலில் வந்தது பெருமை. பயம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்.

“தேங்காய் எண்ணெய் தடவு, சரியாயிடும். வெளிய யார்கிட்டயும் பேசிக்கிட்டு இருக்காத.”

“சரிங்கம்மா. காலுல பித்தவெடிப்புகூட போயிடுச்சுங்க. அந்தத் தண்ணியிலயேதான நிக்கிறேன்” என்றாள் ஆண்டாயி. அவள் குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லை.

சமையல் மேடைக்குப் போடும் கல்லுக்கும் தரைக்கல்லுக்கும் மெருகு ஏற்றித் தரும் பட்டறை அது. ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் டிப்ளமோ படித்த நர்மதா, கணவன் மஸ்கட்டில் சம்பாதிக்கப் போன பிறகு தனியாக ஆரம்பித்தது. காரை ஊர்ப் பக்கத்து ஓடைகளில் மழைக்குப் பின் தலைகாட்டும் கல்லாய்ப்போன நத்தைகளையும், ஒரு காலத்தில் அங்கே கடல் கிடந்ததற்கு மிச்சமான சிப்பிக் கற்களையும் மூட்டை கட்டி வந்து, உடைந்த பீங்கானோடு சேர்த்துச் சூளையில் இரண்டு நாள் வேகவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து அவள் ஒரு மாவு எடுத்தாள். நான்கு வருஷத்தில் முப்பத்தேழு சூளை வீணாகி, முப்பத்தெட்டாவதில் வந்தது அது. மெருகு மாவு என்று அவளே பெயர் வைத்தாள். அதைக் குழைத்துக் கல்லில் கையால் தேய்ப்பது ஆண்டாயியின் வேலை.

அந்த மாவின் அருமை அவளுக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் தேய்த்து, கழுவி, சுத்தமாகத் துடைத்து வைத்த கல் காலையில் இன்னும் கொஞ்சம் மெருகு ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். ஆளும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஒரு தடவை பட்டால் போதும், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். தண்ணீர் விட்டால் வேகம் கூடும். நர்மதா தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: ‘மேடு பள்ளம் இருக்கும்வரை ஓயாது. எல்லாம் சமமானதும் தானே நின்றுவிடும்.’

கல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? திருச்சிக் கம்பெனி ஒன்று மாவை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அவர்கள் ஆள் மணிவண்ணன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். போகும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“கைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?”

“ஒண்ணும் ஆவாது சார்” என்றாள் நர்மதா. அப்போது அவள் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ் இருந்தது. பட்டறையில் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான்.

ஆண்டாயி போன பிறகும் அந்தக் கைகள் நர்மதாவின் கண்ணை விட்டுப் போகவில்லை. என்ன வழவழப்பு. மத்தியானம் முழுக்க அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஆண்டாயியின் அரிசியைப் பற்றி அல்ல. தன் தங்கையின் முகத்தைப் பற்றி.

தங்கை கீதாஞ்சலிக்கு இருபத்தாறு வயது. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவோடுதான் இருக்கிறாள். மூக்குக் கண்ணாடி போட்டவள், ஓயாமல் பேசுகிறவள், சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். ஒன்பது வயதில் அம்மை போட்டதில் கன்னம் இரண்டிலும் நெற்றியிலும் தழும்புகள் தங்கிவிட்டன. அவற்றை அவள் மறந்துதான் இருந்தாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்தான் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளை முத்தமிழ்செல்வன் நல்ல பையன். தலை நிமிர்ந்து கீதாஞ்சலியைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொன்னான். அவன் அம்மா பூங்காவனம் காபி டம்ளரை வாங்கும்போது, கொடுக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

“பொண்ணு நல்லாத்தான் இருக்கு. மூஞ்சிதான் கொஞ்சம் பள்ளம் படுகையா இருக்கு. பையன் புடிச்சிருக்குங்கறான், நாம என்ன பண்றது.”

கூடத்தில் கீதாஞ்சலி சிரித்து வைத்தாள். அவர்கள் போனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தை மீறி அது நர்மதாவுக்குக் கேட்டது. அடுத்த ஞாயிறு போய் அதற்கடுத்த ஞாயிறு பூ வைக்க வருவதாக ஏற்பாடு.

ஆண்டாயி கையைக் காட்டிவிட்டுப் போன அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நர்மதா ஒரு கிண்ணத்தில் நலங்கு மாவு எடுத்தாள். அதில் மெருகு மாவு ஒரு சிட்டிகை கலந்தாள். ஒரு சிட்டிகைதான். ஒரே ஒரு தடவைதான். தழும்பு சமமானதும் தானே நின்றுவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தங்கையை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டு, குழைத்த மாவை நெற்றியிலும் கன்னத்திலும் முகவாயிலும் வட்ட வட்டமாகத் தேய்த்தாள். பாசிப்பயறும் ஆவாரம்பூவும் கஸ்தூரி மஞ்சளும் வாசனையாக எழுந்தன. அடியில் மட்டும் மழைக்கு முன் கல்லில் எழுவது போல ஒரு வாடை.

“ஏன்க்கா கிளவுஸ் போட்டிருக்க?”

“பட்டறைப் பழக்கம்டி. பேசாம கண்ண மூடு.”

கீதாஞ்சலி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா முகம் தேய்த்துவிட்டு வருஷக்கணக்காகிவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தோஷம். கழுவும்போது தன் கையாலும் நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வியாழக்கிழமை காலையில் தழும்புகள் இல்லை. மங்கியிருந்தன என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லவே இல்லை. கீதாஞ்சலி ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பத்து செல்ஃபி எடுத்து, அதில் ஒன்றை முத்தமிழ்செல்வனுக்கு அனுப்பினாள். அவன் என்ன பதில் போட்டானோ, நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தாள். பள்ளியில் டீச்சர்கள் எல்லாம் என்ன கிரீம் என்று கேட்கிறார்கள் என்றாள். நர்மதாவும் சிரித்தாள். அந்த இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கீதாஞ்சலி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. கன்னத்தில் குழி விழவில்லை. தங்கை சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கன்னம் மட்டும் அசையாமல் மழுமழுவென்று அப்படியே நின்றது.

“என்னக்கா அப்படிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

மறுநாள் சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நர்மதா பட்டறையில் தனியாக இருந்தாள். தகரக் கூரை வெயிலில் டொக் டொக் என்று விரிந்தது. ஈரத் தரையிலிருந்து கல்மாவு வாடை ஆவியாக எழுந்து தொண்டையில் படிந்தது. மெஷின்கள் ஓடாத பட்டறையை அவள் அதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுக்கி வைத்த கற்களின் பக்கமிருந்து ஒரு சத்தம். மிக மெல்லிய சத்தம். தூரத்தில் யாரோ உப்புத்தாளை வைத்து ஜன்னல் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பது போல, விடாமல், அவசரமில்லாமல். அவள் ஒரு கல்லில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே அது வேலை செய்துகொண்டிருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். ஃபேன் ஓடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, தெருவில் ஒரு வண்டி இல்லை. கீதாஞ்சலி கூடத்தில் பாய் போட்டு ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாம் என்று குனிந்த நர்மதா பாதியில் நின்றுவிட்டாள். தலையணையிலிருந்து அதே சத்தம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் நலங்கு மாவு டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். அதில் மெருகு மாவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எதையாவது கொட்ட வேண்டும் போல இருந்தது.

ஆண்டாயி அந்த வாரம் முழுக்க வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை உச்சி வெயிலில் நர்மதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலனிக்குப் போனாள். நலம் விசாரிக்கப் போகவில்லை. அது நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் போனாள். கதவைத் திறந்தது ஆண்டாயியின் மகள் சத்யப்பிரியா. பெரம்பலூர் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். நர்மதாவைப் பார்த்ததும் வழிவிடவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விலகினாள்.

ஆண்டாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்களைப் புடவைக்குள் இழுத்து மறைத்திருந்தாள். பக்கத்தில் பாதி ஊட்டி மிச்சம் வைத்த சோற்றுத் தட்டு.

“வாங்கம்மா. எந்திரிக்க முடியல, கோவிச்சுக்காதீங்க.”

“கை எப்படி இருக்கு?”

ஆண்டாயி முந்தானைக்கு அடியிலிருந்து கையை எடுத்துக் காட்டினாள். நகம் இல்லை. நகம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம்கூட இல்லை. விரல்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளிகள் தூர்ந்து போயிருந்தன. மணிக்கட்டுக்கு மேலே அகப்பை மாதிரி ஒரே துண்டாக, ஈரம் போன்ற பளபளப்போடு இருந்தது அது.

“வலிக்குதா?”

“வலிச்சாலும் தேவலையேங்கம்மா. ஒண்ணுமே தெரியல. நேத்து கட்ட வெரலாச்சும் தனியா இருந்துச்சு.” கையை மறுபடி மறைத்துக்கொண்டு கேட்டாள். “இது எப்பங்கம்மா நிக்கும்?”

சத்யப்பிரியா குறுக்கே வந்தாள்.

“பெரியாஸ்பத்திரியில கேக்குறாங்க, என்ன மாவுல வேலை பாத்தாங்கன்னு. அது தெரிஞ்சாத்தான் மருந்து யோசிக்க முடியுமாம். அதுல என்ன கலந்திருக்கீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க.”

வரும் சனிக்கிழமை திருச்சிக் கம்பெனியோடு ஒப்பந்தக் கையெழுத்து. சூளை எண்ணும் சூடும் கலவையும் வெளியே போனால் கம்பெனிக்காரன் எதற்குக் கையெழுத்துப் போடுவான்?

“சாதா சிப்பி மாவுதான்மா. அதனால எல்லாம் ஆவாது. இது வேற ஏதாச்சும் நோயா இருக்கும்” என்றாள் நர்மதா. சொல்லும்போது அவள் வாய் குழறவில்லை. ஆண்டாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்மதா வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வீட்டில் கீதாஞ்சலி கண்ணாடியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். எடுத்து மாட்டுகிறாள், அது வழுக்கிக்கொண்டு வாய்க்கு வருகிறது. மறுபடி மாட்டுகிறாள்.

“கண்ணாடி நிக்கவே மாட்டேங்குதுக்கா. லூசாயிடுச்சு போல.”

கண்ணாடி அப்படியேதான் இருந்தது. மூக்குத் தண்டு இறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர் பொட்டு நெற்றியில் ஒட்டவில்லை. வைத்த கையோடு நழுவிக் கீழே விழுந்தது. புதன்கிழமை புருவ முடி தலையணையில் கிடந்தது. நர்மதா தங்கையைப் பெரம்பலூருக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன வயசு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஸ்கின் சூப்பரா இருக்கு. புருவம்தான் ஏன் கொட்டுதுன்னு தெரியல. முகத்துக்கு என்ன போட்டீங்க?”

கீதாஞ்சலி அக்காவைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில் அந்த உப்புத்தாள் சத்தம். டாக்டருக்கு அது கேட்கவில்லையா என்று நர்மதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்குப் புதன். இன்னும் மூன்றே நாள். கையெழுத்து முடிந்ததும் சொல்லிவிடலாம்.

“வீட்டுல அரைச்ச நலங்கு மாவுதான் டாக்டர்” என்றாள்.

அவர் ஒரு ஆயின்மெண்ட் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது கீதாஞ்சலி ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். ரோடு பிரியும் இடத்தில் பஸ் குலுங்கியபோது மெதுவாகக் கேட்டாள்.

“நீ ஏன்க்கா என்னத் தொடவே மாட்டேங்குற?”

நர்மதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தங்கையின் கை சீட்டில் அவளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதன் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன. நர்மதா தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

வியாழன் அன்று கீதாஞ்சலிக்கு உதடு ஒட்டவில்லை. உதடு என்று சொல்லும்படி அங்கே ஒரு கோடுதான் இருந்தது. முத்தமிழ் என்று சொல்லப் போனாள். நுத்தனிழ் என்று வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். அவன் போன் செய்துகொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. நர்மதா எடுத்து, “வெக்கப்படுறா தம்பி, ஞாயித்துக்கிழம நேர்லயே பேசிக்குங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை காது மடல்கள் இல்லை. நர்மதா புளி கரைத்துத் துணியில் நனைத்துத் தங்கையிடம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். எலுமிச்சை. விளக்கெண்ணெய். கடைசியில் மண்ணெண்ணெய். எதற்கும் அது ஓயவில்லை. தண்ணீர் பட்டபோதெல்லாம் சத்தம் கொஞ்சம் கூடியது. சமமானதும் நின்றுவிடும், நின்றுவிடும் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் எது மேடு எது பள்ளம் என்று யோசிக்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

அப்போது கீதாஞ்சலி கேட்டாள். வார்த்தைகள் ஓரம் உடைந்துதான் வந்தன. “என்னக்கா தடவுன?”

“நலங்கு மாவுதான்டி.”

சனிக்கிழமை காலை பட்டறைக்கு மணிவண்ணன் வந்தான். நர்மதா கையெழுத்துப் போட்டாள். அவன் போனதும் பூங்காவனத்துக்குப் போன் செய்தாள்.

“கீதாவுக்கு ஒடம்பு சரியில்லைங்க. ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாங்களா?”

“பத்திரிகை வச்சு அழைச்சாச்சும்மா. வேனு பேசியாச்சு. பூ வைக்கிறதுக்கு ஒடம்பு என்னத்துக்கு, தலை இருந்தாப் போதும்” என்றாள் பூங்காவனம்.

அதற்கப்புறம் நர்மதா டாக்டரிடம் ஓடினாள். சத்தியமாக ஓடினாள். கலவை, சூடு, சூளை எண் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் அதே தோல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டாவது சனிக்கிழமை டாக்டர் வரமாட்டார் என்றார் பக்கத்து மருந்துக் கடைக்காரர். பெரியாஸ்பத்திரி அங்கிருந்து ஐந்து நிமிஷம். அங்கே சத்யப்பிரியா இருப்பாள். நர்மதா வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. தாம்பாளத் தட்டுகளின் கணகணப்பு, பட்டுப்புடவைச் சரசரப்பு, மல்லிகை வாசனை. கூடம் நிறைந்துவிட்டது. உள்ளறையில் கீதாஞ்சலி காலையிலிருந்தே தாழ் போட்டுக்கொண்டிருந்தாள். நர்மதா கதவைத் தட்டினாள். வெகு நேரம் கழித்து, மரத்தில் ஏதோ வழுக்கி வழுக்கி உரசியது. தாழ் விலகியது. நர்மதா உள்ளே போய் மறுபடி தாழிட்டாள்.

ஜன்னல் திறந்திருந்தது. வெயில் முழுக்க உள்ளே இருந்தது.

கீதாஞ்சலி அதற்குள் கட்டிலுக்குத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு. எப்படிக் கட்டினாளோ, கொசுவம் கோணலாக இருந்தது. தலையை வாரப் பார்த்திருக்கிறாள்; சீப்பு தரையில் கிடந்தது. மூக்குக் கண்ணாடியும் தரையில் கிடந்தது.

“கீதா.”

தங்கை திரும்பினாள்.

அங்கே ஒன்றுமில்லை. நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் ஒரே இழுப்பு. மேடு இல்லை. பள்ளம் இல்லை. கண் இருந்த இடம் எது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பிகள் அதில் நேர்நேராகத் தெரிந்தன. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நர்மதா தெரிந்தாள். சின்னதாக. வாயைப் பிளந்துகொண்டு. அந்த முகத்தில் இருந்த ஒரே வாய் அவளுடையதுதான்.

மூச்சுச் சத்தம் வந்தது. நடுவில் கடுகளவு ஒரு துளை. அதன் வழியே காற்று விசில் மாதிரி போய்ப் போய் வந்தது.

நர்மதா பின்வாங்கினாள். முதுகில் கதவு இடித்தது.

“பொண்ண அழைச்சிட்டு வாங்க. நல்ல நேரம் போவுதுல்ல” என்றது கதவுக்கு அந்தப் பக்கம் பூங்காவனத்தின் குரல்.

கீதாஞ்சலி எழுந்தாள். தட்டுத்தடுமாறி வந்தாள். கட்டில் கால் இடித்தது. நிற்கவில்லை. சத்தம் வந்த பக்கமோ வாசனை வந்த பக்கமோ, எதை வைத்து வந்தாளோ, நேராக வந்தாள். விரல் இல்லாத இரண்டு கைகளும் நர்மதாவின் தோளைத் தேடின. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கின. மணிக்கட்டைக் கண்டுபிடித்தன. இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தன. வழுவழுப்பு. அவ்வளவு வழுவழுப்பிலும் அந்தப் பிடி நழுவவில்லை.

“விடுடி. விடு. கீதா, விடு.”

நர்மதாவின் வெறுங்கையைத் தூக்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். வாய் இருந்த இடத்தில். சூடாக இருந்தது. பதின்மூன்று நாளில் அக்கா தொடுவது இதுதான் முதல் தடவை.

உள்ளங்கைக்கு அடியில் தோல் அசைந்தது.

உள்பக்கம் இழுத்துக்கொண்டது. வெளியே புடைத்தது. மறுபடி இழுத்துக்கொண்டது. உள்ளே தாடை இறங்கி ஏறியது. நர்மதாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் பேசுகிறாள். உதடு வேண்டாத ஒரு சொல்.

அக்கா.

“வெக்கப்படுது போல, சத்தத்தையே காணோம்” என்றாள் பூங்காவனம் வெளியே யாரிடமோ. “வாயத் தொறக்காத பொண்ணா இருந்தா நமக்கும் நல்லதுதான்.” பெண்கள் சிரித்தார்கள்.

விசில் மெலிந்தது. கடுகு ஊசி முனையானது.

பிறகு விசில் இல்லை.

அக்கா.

நர்மதா கத்தினாள். கூடத்தில் சிரிப்பு அடங்கியது. யாரோ கதவைத் தள்ளினார்கள். தாழ் ஆடியது. தங்கையின் நெஞ்சு காற்றுக்காக ஏறி ஏறித் தூக்கியது. எதுவும் உள்ளே போகவில்லை. அரக்குப் பட்டு விம்மி விம்மி நின்றது. கைகள் மட்டும் விடவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்து, நர்மதாவின் உள்ளங்கையை அந்த முகத்தோடு சேர்த்து, வெயிலில், அடியில் அந்தத் தோல் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய், வெளியே வந்து.

அக்கா. அக்கா. அக்கா.